அவித்த பிடிமண்

கண்டி மஹய்யாவ முத்துமாரி கோயிலுக்குக் குட்டி நாகம் வந்திருக்கிறது என்று முதலில் வந்து சொன்னவள் கமலம். கோயில் என்றதும் கோபுரத்தையெல்லாம் நினைக்க வேண்டாம். நகரசபைக் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு வேப்பமரம், அதன் அடியில் தகரக்கூரை, கூரைக்குள் அம்மன், அம்மனைச் சுற்றி நேர்த்திக்கடனுக்கு யார் யாரோ வாங்கி வைத்த குரோட்டன் சட்டிகள், அவ்வளவுதான். கமலத்தின் கணவர் வீரய்யா நகரசபை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அங்கே பூசாரி. விடிந்ததும் கூட்டிப் பெருக்குவது கமலத்தின் வேலை. மழை விட்ட ஒரு காலையில் சட்டிகளுக்கு நடுவே அதைக் கண்டாள். ஒரு சாண் நீளம், தேன் நிறம், முதுகு நெடுகக் கறுப்புக் கோடுகள். தலை மட்டும் பிறை போல் விரிந்திருந்தது. பார்த்தவுடன் யாருக்கும் படமெடுத்த நாகம்தான் ஞாபகத்துக்கு வரும்.

மத்தியானத்துக்குள் குடியிருப்புப் பெண்கள் எல்லோரும் பால் செம்போடு வந்துவிட்டார்கள். பாலை அது தொடவில்லை. ஆனால் மஞ்சள் நீர் தெளித்த ஈரமண்ணில் சுகமாகப் படுத்துக்கொண்டது. கும்பிடுகிறவர்களுக்கு அது போதாதா?

கமலத்தின் மகள் நிரோஷினி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. எதைப் பற்றி ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால் கமலம் பேச்சை மாற்றிவிடுவாள். ஊரான் பிள்ளைகள் படித்துவிட்டு மனிதருக்கு வைத்தியம் பார்க்க, தன் பிள்ளை தட்டைப்புழுவைப் பார்க்கிறாளே என்று அவளுக்கு ஒரு குறை. ஆகவே நாகத்தின் கதையை அம்மா சோற்றுத் தட்டின் முன் சொன்னபோது மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அது நாகமும் இல்லை, நாகத்தின் தூரத்துச் சொந்தமும் இல்லை, சுத்தமான தட்டைப்புழு என்றாள். அதற்கு வாய் தலையில் இல்லை, வயிற்றின் நடுவில். மண்புழுவின் மேல் படுத்து, வயிற்றிலிருந்து குழாய் ஒன்றை நீட்டி, இரையைக் கரைத்து உறிஞ்சிவிடும். படித்த பிள்ளைகளுக்குக் கேட்க ஆள் கிடைத்துவிட்டால் நிறுத்தத் தெரியாது. கடைசியில், அதைப் பத்துத் துண்டாக வெட்டினால் பத்துக்கும் தலை முளைத்துப் பத்து முழுப் புழுவாகிவிடும் என்பதையும் சொல்லிவைத்தாள்.

"பத்தும் உசிரோடயா?" என்று கமலம் கேட்டாள்.

"பத்தும்."

கமலம் சோற்றைப் பிசைந்தாள். மகள் சொன்ன வாயும் வயிறும் குழாயும் ஒரு காதால் புகுந்து மறு காதால் போய்விட்டன. வெட்டினாலும் சாகாது என்ற ஒன்று மட்டும் தங்கிவிட்டது. வெட்ட வெட்டச் சாகாமல் பெருகுவது சாமியாக இல்லாமல் வேறு என்னவாக இருக்க முடியும்?

நிரோஷினியின் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், புழுக்களுக்குள் சொந்தபந்தம் பார்ப்பது. தட்டைப்புழு விஷயத்தில் கண்ணை நம்ப முடியாது. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததாக இருக்கும். நிறத்திலும் நீளத்திலும் ஒட்டாத இரண்டு, அக்காள் தங்கையாக இருக்கும். அதனால் வால் நுனியில் ஒரு துணுக்கை வெட்டி, மரபணுவைப் பிரித்தெடுத்து, எல்லாப் புழுக்களிலும் அதே மரபணுவை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். வித்தியாசம் குறைந்தால் நெருங்கிய சொந்தம், கூடினால் தூரத்துச் சொந்தம். அதை வைத்து ஒரு வம்ச மரம் வரைவாள். நம் ஆட்கள் பெண் கொடுக்குமுன் குலதெய்வம் எது, எந்த ஊரிலிருந்து மண் எடுத்து வந்தது என்று கேட்டுக் கேட்டு முறை கண்டுபிடிக்கிறார்களே, ஏறக்குறைய அதே வேலைதான். புழு பொய் சொல்லாது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அந்த மரத்தில் ஒரு கிளை தனியாக நின்றது. பன்வில பக்கம் கமலம் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கில், தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களுக்கு மேலே தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், கற்களுக்கடியில் ஒரு புழு இருந்தது. விரல் நீளம்கூட இல்லை. பழுப்பு நிறம், முதுகில் வெள்ளை நூல் போல ஒரு கோடு. அழகென்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஆனால் மற்ற எல்லாக் கிளைகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதற்கு வெகுகாலம் முன்பே பிரிந்து தனிவழி வந்தது அது. அதற்கு மிகக் கிட்டிய சொந்தமே கடலுக்கு அப்பால் கேரளத்து மலையில் இருந்தது, அந்தச் சொந்தமும் விட்டுப்போய்ப் பல கோடி வருஷம். நிரோஷினி அதற்கு மனசுக்குள் மூத்தவள் என்று பெயர் வைத்திருந்தாள். கண்டியைச் சுற்றி எத்தனையோ காட்டில் தேடியும் அந்த மேற்கணக்குக் கல்லடியைத் தவிர வேறெங்கும் மூத்தவளைக் காணவில்லை.

கோயில் நாகத்தையும் மரத்தில் சேர்த்துவிடலாமே என்று ஒருநாள் அம்மாவுக்குத் தெரியாமல் ஒன்றைப் போத்தலில் போட்டுக்கொண்டு போனாள். முடிவு வந்தபோது குழப்பமாக இருந்தது. ஒரே புழுவுக்குள்ளிருந்து இரண்டு குரல்கள் பேசின. எழுத்துகளில் பாதி ஒரு வம்சத்தைச் சொன்னது, பாதி வேறொன்றை. அவளுடைய பேராசிரியை கலாராணி யாழ்ப்பாணத்துக்காரி, அதிகம் பேசாதவர். திரையைப் பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"இதைப் பட்டினி போட்டனீரே?"

நிரோஷினிக்கு முகம் சுருங்கிவிட்டது. தட்டைப்புழு வேலையில் முதல் பாடமே அதுதான். பிடித்த புழுவை ஈரக் காகிதத்தில் வைத்து, வயிறு காலியாகும்வரை தீனி காட்டாமல் வைத்திருந்துதான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது தின்றதன் மரபணுவும் சேர்ந்துகொண்டு வரும். வீட்டுக் கோயில் புழுதானே என்ற அலட்சியத்தில் அவள் அதைச் செய்யவில்லை.

"பிழைதான்," என்றார் கலாராணி. "ஆனால் பிழையை ஏன் வீணாக்குவான்? என்னத்தைத் திண்டது எண்டு பாரும்."

மண்புழுவாக இருக்கும் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். பிரித்துப் பார்த்தபோது அது மண்புழு இல்லை, இன்னொரு தட்டைப்புழு. மரத்தில் வைத்ததும் நேரே போய் மூத்தவளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. மூத்தவள் அல்ல, அவளுக்கு ஒரு தங்கை. யாரும் கண்டிராத, பெயர் வைத்திராத ஒரு தங்கை மஹய்யாவில், நிரோஷினி சின்ன வயதிலிருந்து செருப்பில்லாமல் நடந்த மண்ணுக்குள், இத்தனை காலமாக இருந்திருக்கிறாள்.

அடுத்த வாரம் முழுக்க நிரோஷினி கோயிலைச் சுற்றித் தோண்டினாள். சட்டிகளைப் புரட்டினாள், வேம்பின் வேரைக் கிளறினாள். தங்கையும் இல்லை, மண்புழுவும் இல்லை. மண் சீமெந்து போல இறுகிக் கிடந்தது. ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலாகவே ஓடியது. வேப்பமரம் ஒரு பக்கம் பழுக்கத் தொடங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். பிறைத்தலைப் புழு மட்டும் எந்தச் சட்டியைத் தூக்கினாலும் இருந்தது, கொழுகொழுவென்று.

"நாங்கள் கண்டுபிடிச்சது செத்ததைத்தான், நிரோஷினி," என்றார் கலாராணி. "அதுவும் திண்டவன்ர வயித்துக்குள்ள."

அந்தச் சொல் நிரோஷினியை விடவில்லை. மண்ணோடு புழுவும் போயிருக்குமே என்று அவளுக்கு உடனே பிடிமண் ஞாபகம் வந்தது. நம் ஆட்கள் புது இடத்தில் கோயில் வைத்தால், பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போய்த்தான் வைப்பார்கள். மஹய்யாவிலிருந்து அப்படிக் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு கோயிலுக்கும் மடவளைப் பக்கம் ஒரு கோயிலுக்கும் அப்பா கையால்தான் மண் போயிருந்தது. இரண்டு இடத்துக்கும் போனாள். இரண்டு இடத்திலும் நாகம் வந்திருப்பதாகச் சந்தோஷமாகச் சொன்னார்கள். இரண்டிலும் மண் இறுகியிருந்தது. இந்த முறை ஒழுங்காகப் பட்டினி போட்டு எடுத்த மரபணுவில், மூன்று கோயில் புழுக்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒரு புழுவின் துண்டுகள்தான் எல்லாம். அவள் வரைந்த புழு மரத்தைக் காட்டினால், கோயில்காரர்கள் அதைத் தங்கள் பிடிமண் போன வழி என்றே சொல்லியிருப்பார்கள்.

வீட்டில் அவள் சொல்லிப்பார்த்தாள். வீரய்யா காது கொடுத்துக் கேட்டார், அவர் அப்படித்தான், நல்ல மனுஷன். கேட்டுவிட்டு, அம்மன் இருக்கிற இடத்தில் நாகம் இருக்கத்தான் செய்யும் என்றார். இனி யாராவது மண் கேட்டு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நிரோஷினி விட்டுவிட்டாள்.

கார்த்திகையில் அந்தப் பெருமழை வந்தது. மலைநாடு முழுக்க மண் சரிந்தது. மேற்கணக்கில் லயத்தின் ஒரு கோடியும் அதை ஒட்டிய முத்துமாரி கோயிலும் ஒரு விடியற்காலையில் பள்ளத்துக்குப் போயின. கமலத்தின் அண்ணன் ராஜலிங்கம் அந்தக் கோடியில்தான் இருந்தார். அவர் தப்பினார். அவர் மனைவி பேச்சியம்மாவை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ராஜலிங்கம் மஹய்யாவுக்கு வந்தார். முன்வாசல் கதிரையில் உட்கார்ந்து, தண்ணீரைக் குடித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னார். கோயிலை மறுபடி வைக்க வேண்டும். சரிவுக்குள் போன மண்ணைத் தொட முடியாது, அது சாவு விழுந்த மண். அந்தக் காலத்தில் மேற்கணக்கிலிருந்துதான் மஹய்யாவுக்குப் பிடிமண் வந்தது, இப்போது மகள் வீட்டு மண் தாய்வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். புதுக் கோயிலுக்கு இடமும் பார்த்தாயிற்று. லயத்துக்கு மேலே, காடு தொடங்கும் இடத்தில், கற்கள் கிடக்குமே, அங்கே.

நிரோஷினிக்கு அந்த இடம் தெரியும். பிறைத்தலை மூத்தவளின் வீட்டு வாசலுக்கே போகிறது. தங்கைக்கு நடந்ததுதான் அவளுக்கும் நடக்கும், அதன்பிறகு உலகத்தில் அந்த வம்சமே இல்லை. போதாததற்கு, ஏற்கெனவே ஒருமுறை சரிந்த மலையில் மண்புழு செத்து மண்ணும் இறுகினால் அடுத்த மழைக்கு என்னவாகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. வேண்டாம் மாமா, இந்த மண்ணைக் கொண்டுபோகாதீங்க என்றாள். காரணத்தையும் சொன்னாள். புழு, மண்புழு, மலை, மூத்தவள் என்று சொல்லச் சொல்லத் தன் குரலே தனக்கு அசிங்கமாகக் கேட்டது. பெண்டாட்டியை மண்ணுக்குள்ளிருந்து எடுத்த மனுஷனிடம் புழுவுக்காக வழக்காடுவது யாருக்குத்தான் வரும்?

ராஜலிங்கம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"மழை தூறுனாலே புள்ளைகளைத் தூக்கிக்கிட்டு எல்லாரும் ஸ்கூலுக்கு ஓடுறாங்க, மருமகளே," என்றார். "மேல ஆத்தா உக்காந்திருக்கானு தெரிஞ்சாத்தான் லயத்துல கண்ண மூடுவோம். உங்க அத்தையும் அங்கதானே கிடக்கிறா."

கடைசியாக அப்பாவிடம் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். மண்ணை எடுங்கள், ஆனால் சட்டியில் போட்டு நன்றாக வறுத்துக் கொடுங்கள். வீரய்யா மகளை ஏறிட்டுப் பார்த்தார்.

"வறுத்த நெல்லு முளைக்குமா? வறுத்த மண்ணுல சாமி நிக்குமா?"

அதோடு பேச்சு முடிந்தது. நல்ல நாளில் வீரய்யா வேம்படியில் மண் எடுத்து, செம்பில் இட்டு, மஞ்சள் துணியால் வாய் கட்டி, வீட்டுச் சுவரில் அடித்த சாமித் தட்டில் வைத்தார். ஒரு மண்டலம் அங்கே வைத்து விளக்கேற்றி, தை பிறந்த பிறகு மேற்கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். விளக்கேற்றும்போதெல்லாம் நிரோஷினி அந்தச் செம்பைப் பார்த்தாள். துணிக்குள்ளே ஈரமண்ணில் அது சுருண்டு படுத்திருப்பது கண்ணால் கண்டதுபோலத் தெரிந்தது.

மார்கழிப் பௌர்ணமிக்கான போயா விடுமுறையில் பல்கலைக்கழகம் மூடியிருந்தது. அப்பாவும் அம்மாவும் அயலில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். நிரோஷினி குளித்தாள். ஏன் குளித்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. செம்பைத் தூக்கிப் பையில் வைத்துக்கொண்டு பேராதனைக்கு பஸ் ஏறினாள். மடியில் செம்பை இரு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தத் தூரம் போனாள். மரபணு எது, எழுத்து எது என்று அத்தனையும் படித்தவள், பஸ் ஜன்னலில் ஒரு கோயிலைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆய்வுகூடத்துச் சாவி அவளிடம் இருந்தது. அங்கே கருவிகளை ஆவியில் அவித்துக் கிருமி போக்கும் இயந்திரம் ஒன்று உண்டு, பெரிய பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் அம்மனின் மண்ணை வைத்து மூடினாள். புட்டு அவிப்பதுபோலத்தான் அவித்தாள். முடிந்தபின் திறந்து பார்த்தாள். மண்ணின் நடுவே சளி போல ஒரு கோடு இருந்தது, பிறையுமில்லை, தேன் நிறமுமில்லை. மண்ணை முகர்ந்தாள். மழை மண்ணுக்கு ஒரு வாசம் உண்டே, அது போய்விட்டிருந்தது. தான் ஒரு புழுவை மட்டும் கொல்லவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பை உதறிவிட்டுத் துணியைப் பழைய முடிச்சிலேயே கட்டினாள்.

ஆறவிடப் பொழுதில்லை. அவள் வீட்டுக்கு வந்து செம்பைத் தட்டில் வைத்துக் கொஞ்ச நேரத்திலேயே கமலமும் வந்துவிட்டாள். விளக்கேற்றப் போன கமலம் செம்பைத் தொட்டாள். தொட்ட கையை எடுத்தாள்.

"சுடுது," என்றாள்.

"வெயில் அடிச்சிச்சில்ல, ஜன்னல் பக்கம்," என்றாள் நிரோஷினி.

கமலம் ஜன்னலைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். திரியைத் தூண்டிவிட்டு, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டாள். அதன்பிறகு அந்தப் பேச்சே வரவில்லை. கொஞ்ச நாள் கழித்துக் குசினி அலுமாரியின் மேல், துணியால் வாய் கட்டிய ஜாம் போத்தல்கள் வரிசையாக நிற்பதை நிரோஷினி கண்டாள். அம்மா ஊறுகாய் போட்டிருக்கிறாள் என்று நினைத்தாள். கோயில் வேலையாக ராஜலிங்கம் வந்து திரும்பியபோது அவர் பையில் ஏதோ கணகணத்தது, அதையும் அவள் யோசிக்கவில்லை. மூத்தவள் பிழைத்துவிட்டாள் என்ற நிம்மதியில், ஆராய்ச்சிக் கட்டுரையின் மிச்சத்தை எழுதிக்கொண்டிருந்தாள்.

தையில் ஒரு வெள்ளிக்கிழமை மூவரும் வேனில் பன்விலவுக்குப் போனார்கள். மேற்கணக்கில் இறங்கியதும் முதலில் தெரிந்தது சரிவுதான். பச்சைத் தேயிலையின் நடுவே செம்மண் பிளந்து கீழேவரை கிடந்தது. அதன் ஓரத்தில் மிஞ்சிய லயம், லயத்துக்கு மேலே புதுத்தகரக் கூரை, வாழைமரம், தப்புச் சத்தம். சனம் முழுக்க அங்கே நின்றது. வீரய்யா செம்பின் துணியை அவிழ்த்தார். மண்ணைப் பீடத்துக் குழியில் கொட்டினார். நிரோஷினி குனிந்து பார்த்தாள். சாம்பல் போல உதிர்ந்து விழுந்தது, ஒன்றும் நெளியவில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். ராஜலிங்கம் அழுதார். நிரோஷினியும் அழுதாள், அவள் அழுததற்குக் காரணம் வேறு.

பூசை முடிந்து சோறு போடும் நேரத்தில் அவள் மெல்ல விலகிக் காட்டோரம் நடந்தாள். மூத்தவளை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று ஆசை. கல்லுக்குக் கிட்டப் போகும்போது லயத்துப் பெண் ஒருத்தி பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள்:

"பாத்து நடங்க தங்கச்சி, அங்கிட்டுப் பூரா நாகம் இருக்கு."

நிரோஷினி நின்றாள். அப்போதுதான் கற்களைக் கவனித்தாள். ஒவ்வொரு கல்லிலும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. கல்லுக்குக் கல் ஒரு ஜாம் போத்தல் வெறுமையாகக் கவிழ்ந்து கிடந்தது. திரும்பியபோது கமலம் மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க.

"என்னம்மா இது?"

கமலம் சுற்றிலும் பார்த்தாள், யாரும் கேட்கும் தூரத்தில் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அன்னைக்குச் செம்பு சுட்டிச்சில்ல. ராவைக்குத் துணியை அவுத்துப் பாத்தேன். அவிச்ச வாசனை எனக்குத் தெரியாதா, புள்ள? மண்ணுல உசிரே இல்ல. உங்க அப்பாகிட்ட மூச்சு விடல. சாமி மண்ணை அவிச்ச பாவம் உன் தலையில விடியக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். நீதானே சொன்ன, வெட்டினா ஒவ்வொண்ணும் முழுசா வளரும்னு. கோயில்ல கும்பிட்டு ஒண்ணை எடுத்து, பாக்குவெட்டியால நறுக்கி, போத்தல் போத்தலா ஈரமண்ணுல வச்சேன். நீ சொன்ன மாதிரியே எல்லாத்துக்கும் தலை மொளைச்சிச்சு. மாமாகிட்ட வீட்டுக்கு ஒண்ணுன்னு குடுத்தனுப்புனேன். இங்கதான் ஈரம் இருக்குனு இங்கயே விட்டுருக்காங்க."

சொல்லிவிட்டு மகளின் நெற்றியில் விழுந்திருந்த மயிரை ஒதுக்கிவிட்டாள்.

"தீந்திச்சு. இனி உனக்கு ஒண்ணும் வராது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தான் மட்டும்தான் கெடும். நிரோஷினிக்கு அம்மாவைத் திட்ட வாய் வரவில்லை. தன்மேல் வைத்த பாசத்தை எந்த முகத்தோடு திட்டுவது? அவள் மண்டியிட்டு முதல் கல்லைப் புரட்டினாள். ஒன்றுமில்லை, மண்புழு துப்பிய மண் உருண்டைகூட இல்லை. அடுத்ததைப் புரட்டினாள். அதற்கடுத்ததையும். மூத்தவளை அவள் எத்தனையோ முறை பார்த்த, கைக்குப் பழகிய அந்தத் தட்டைக் கல்லைக் கடைசியில் புரட்டினாள்.

பிறைத்தலை சுருண்டு கிடந்தது. நாலு வாரத்துத் துண்டு என்று சொல்ல முடியாதபடி வளர்ந்திருந்தது. வயிற்றுப் பக்கம் புடைத்திருந்தது. வெளிச்சம் பட்டதும் சோம்பலாகத் தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் அசைத்தது. பின்னால் கமலம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

நிரோஷினி பையிலிருந்து சிறிய குப்பியை எடுத்தாள். அதில் மரபணுவைக் கெடவிடாத மதுசாரம் நிரம்பியிருந்தது. பிடித்த புழுவைப் பட்டினி போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். மூத்தவளின் எழுத்துகள் இனி எங்கேயாவது மிச்சமிருந்தால் அது அந்த வயிற்றுக்குள்தான் என்பதும் தெரியும். புழுவைப் பட்டினி போடாமல் அப்படியே குப்பிக்குள் விட்டு மூடினாள்.